வெட்டவெளி ராக் கச்சேரிக்கு முதல்முறை போகிறீர்களா? அல்சூர் அத்தை சொல்வதைக் கேளுங்கள்

போன வருடம் என் அண்ணன் மகள் முதல்முறையாக ஒரு பெரிய ராக் கச்சேரிக்குப் போனாள். பதினாறு வயது. டிக்கெட் கிடைத்த அன்று ராத்திரியே போன் செய்து, "அத்தை, என்ன டிரெஸ் போடட்டும்?" என்று கேட்டாள். "முதலில் என்ன ஷூ போடட்டும்னு கேளு" என்றேன். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். கடைசியில் துணைக்கு நானும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளோடு போய்வந்த பிறகு நானே புதிதாகத் தெரிந்துகொண்டதும் கொஞ்சம் இருக்கிறது.

நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் அறிவியல் டீச்சர். அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து மெட்டல் பேண்ட் இந்தியாவில் முதல்முறையாக வாசித்தது 2007 மார்ச் 17 அன்று, எங்கள் ஊர் பேலஸ் கிரவுண்ட்ஸில். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணன்தான் கூட்டிப்போனான். 2011 அக்டோபர் 30 அன்று அமெரிக்க மெட்டல் பேண்டான மெட்டாலிகா வந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் குர்கானில் நடக்க வேண்டிய கச்சேரி, முன்னால் இருந்த தடுப்பு உடைந்து ரத்தாகியிருந்தது. இங்கேயும் அப்படி ஆகிவிடுமோ என்று வயிற்றைக் கலக்கிக்கொண்டுதான் போனோம். நடந்தது. அன்று கேட்டது இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று நான் செய்த ஒரு தவறும் இன்றுவரை கூடவே வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டிக்கெட் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அதிகாரபூர்வமாக விற்கும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் "என்னால போக முடியல, பாதி விலைக்குத் தரேன்" என்று வரும் கியூஆர் கோடு படத்தை நம்பவே நம்பாதீர்கள். ஒரு கோடு ஒரு முறைதான் ஸ்கேன் ஆகும். அதே படத்தை அவர் பத்துப் பேருக்கு விற்றிருந்தால், முதலில் வாசலுக்குப் போகிறவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேரும் வெளியே நிற்பார்கள். சில ஆப்களில் கோடு மாறிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. வாசலில் இருபதாயிரம் போன்கள் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும்போது ஆப் திறக்காது. வீட்டு வைஃபையிலேயே டிக்கெட்டைத் திறந்து, இறக்கிவைக்க வழி இருந்தால் இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அடையாள அட்டை அசல் வேண்டும்.

எந்த டிக்கெட் வாங்குவது? மேடைக்கு ஒட்டிய ஃபேன் பிட்டுக்குப் பல மடங்கு விலை சொல்வார்கள். என் அனுபவத்தில், முதல்முறை போகிறவருக்கு அது தேவையே இல்லை. மைதானத்தின் நடுவில், மேடைக்கு நேர் எதிரே, கூடாரம் போட்டு ஒரு மேடை இருக்கும். ஒலியமைப்பாளர் உட்காரும் கன்சோல் அது. மொத்தக் கச்சேரியின் சத்தத்தையும் அவர் அங்கே உட்கார்ந்து தன் காதால் கேட்டுத்தான் சரிசெய்கிறார். அவர் காதுக்கு நன்றாக இருப்பது, அவருக்குப் பக்கத்தில் நிற்கும் உங்கள் காதுக்கும் நன்றாக இருக்கும். கிதாரும் குரலும் டிரம்ஸும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும் இடம் அதுதான். முன்வரிசையில் நின்றால் தரையில் அடுக்கியிருக்கும், அடித்தொனியை ஒலிக்கும் பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் நெஞ்சைக் குலுக்கும், ஆனால் குரல் தலைக்கு மேலே போய்விடும். ஜெனரல் டிக்கெட் எடுத்து, சீக்கிரம் போய், கன்சோலுக்குச் சற்று முன்னாலோ பக்கத்திலோ நில்லுங்கள். அதன் தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொள்ளலாம், முதுகுப் பக்கம் யாரும் தள்ள மாட்டார்கள். நானும் அண்ணன் மகளும் அங்கேதான் நின்றோம். அவளுக்கு முன்னால் போக ஆசைதான். இரண்டாவது பாட்டில் பேஸ் கிதார் தனியாக ஓடும் இடம் வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு முன்னால் போவதைப் பற்றிப் பேசவில்லை.

ரொம்பத் தள்ளியும் நிற்காதீர்கள். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால், திரையில் டிரம்மர் அடிப்பது கண்ணுக்குத் தெரிந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்துத்தான் அடி காதில் விழும். அதனால்தான் மைதானத்தின் நடுவிலும் பின்னாலும் தனியாகக் கோபுரம் கட்டி ஸ்பீக்கர் தொங்கவிடுகிறார்கள். மேடையிலிருந்து வரும் சத்தம் அங்கே வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டு, அந்த ஸ்பீக்கர்களைக் கொஞ்சம் தாமதமாக ஒலிக்கவைப்பார்கள். அந்தக் கோபுரத்துக்கு நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒலியின் வேகத்தைப் பலகையில் கோடு போட்டுத்தான் நடத்துகிறேன். ஒருமுறை மைதானத்தில் நின்றால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இப்போது அந்தத் தவறு. 2011இல் மேடைக்கு இடதுபக்கம், தொங்கும் ஸ்பீக்கர் வரிசைக்கு எதிரே, காதில் எதுவும் வைக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். வெளியே வந்தபோது அண்ணன் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. மூன்று நாள் காது இரைந்தது. வலது காது சரியாகிவிட்டது. இடது காதில் மெல்லிய விசில் ஒன்று நின்றுவிட்டது. பகலில் தெரியாது. ராத்திரி எல்லாச் சத்தமும் அடங்கியபிறகு, தலையணையில் தலை வைத்தால் கேட்கும். பதினான்கு வருடமாகக் கேட்கிறது.

கணக்கு எளிது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம்வரை காது தாங்கும் என்று தொழிலாளர் நல அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு மணி என்று இறங்கிக்கொண்டே வந்தால், 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான் மிஞ்சும். ராக் கச்சேரியில் 100 டெசிபல் சாதாரணம். உள்காதில் இருக்கும் மயிரிழை போன்ற செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற நுரை அடைப்பான் போதும். இசைக்காரர்களுக்கென்று ஃபில்டர் வைத்து விற்பது இன்னும் நல்லது, இசையின் குணத்தைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் இறக்கித் தரும்.

பெரும்பாலானவர்கள் அதைச் சரியாக வைப்பதில்லை. காது வாசலில் செருகிவிட்டு "ஒண்ணும் குறையலையே" என்பார்கள். அண்ணன் மகளுக்கு எங்கள் சமையலறையில் பாடம் நடந்தது. முதலில் கை கழுவ வேண்டும். அடைப்பானை விரல்களுக்கு நடுவில் உருட்டி உருட்டி, தீக்குச்சி பருமனுக்கு மடிப்பு இல்லாமல் ஒடுக்க வேண்டும். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, காது மடலை மேலேயும் பின்னாலும் இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் வளைந்த குழாய் அப்போது நேராகும். வலது கையால் உள்ளே விட்டு, விரல் நுனியால் முப்பது நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். நுரை மெதுவாக விரிந்து அடைக்கும். சோதிக்க மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். முதல்தடவை முகம் சுளித்தாள், சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். மூன்றாவது தடவை மிக்சி ஓடுகிறதா இல்லையா என்று திரும்பிப் பார்த்தாள். "இப்போ சரி" என்றேன். கச்சேரிக்கு முன்னால் நீங்களும் வீட்டில் இப்படி ஒருமுறை செய்து பாருங்கள். இருட்டில், கூட்டத்தில், முதல்முறையாகச் செய்தால் வராது. கூடுதலாக ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

ஷூ விஷயம். பழகிய, மூடிய ஷூ, கொஞ்சம் பழசு. புது ஷூ கடிக்கும், செருப்பை மிதிப்பார்கள். மெட்டாலிகா அன்று பேலஸ் கிரவுண்ட்ஸ் முழுக்கச் சேறு. கணுக்கால்வரை புதைந்து, காலை இழுத்தால் ஷூ உள்ளேயே நின்றது. கயிறை இரட்டை முடிச்சாகப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிடுங்கள். கூட்டத்துக்குள் கயிறு கட்டக் குனியக் கூடாது, அதனால் வெளியிலேயே முடித்துவிட வேண்டும். அக்டோபர் என்றால் எங்கள் ஊர் மழையை நம்ப முடியாது. குடையை உள்ளே விட மாட்டார்கள், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் மழைக்கோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் குளிர் இறங்கும், இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு முழுக்கைச் சட்டை போதும். பவர் பேங்க், வாசனைத் திரவம், லைட்டர், உலோகத் தண்ணீர் பாட்டில் எல்லாம் பெரும்பாலும் வாசலில் பிடுங்கப்படும். போன வருடம் ஒரு பெண் தன் அம்மாவின் எவர்சில்வர் பாட்டிலை வாசல் தொட்டிக்குள் போட மனமில்லாமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். தடைப் பட்டியலை முன்பே படித்துவிடுங்கள். சின்னப் பை, குறுக்காக மாட்டுவது.

மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். உள்ளே ஒரு சின்னத் தட்டுக்கு வெளியே மூன்று பேர் சாப்பிடும் காசு கேட்பார்கள். தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், கிளம்புமுன் ஒரு வாழைப்பழம், இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். தண்ணீரைக் காலையிலிருந்தே குடித்துக்கொண்டு வாருங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டி வரும் என்று பயந்து பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். வெயிலில் நாலு மணிநேரம் நின்றபின் தலை சுற்றி விழுவதைவிட வரிசையில் நிற்பது மேல். டிஷ்யூவும், தேவைப்பட்டால் நாப்கினும் எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் வாங்க மணிக்கட்டுப் பட்டையில் பணம் ஏற்றும் முறை இருந்தால், சிக்னல் இருக்கும்போதே, உள்ளே நுழைந்ததுமே ஏற்றிவிடுங்கள். நாங்கள் போன இடத்தில் தண்ணீர்க் கடை இரண்டே இரண்டு. ஏழு மணிக்குமேல் போனில் பணம் அனுப்ப வழியில்லாமல் நிறையப் பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். எனக்கு ரொம்பக் கோபம் வந்தது, இத்தனை ஆயிரம் வாங்கிக்கொண்டு தண்ணீரை இப்படி வைக்கலாமா? ஐந்நூறு ரூபாய் சில்லறையாக ஷூவுக்குள்ளோ போன் உறைக்குள்ளோ இருக்கட்டும்.

முதலில் வாசிக்கும் பேண்டைத் தவறவிடாதீர்கள், இது என் வேண்டுகோள். 2007இல் மெய்டனுக்கு முன்னால் டெல்லியின் பரிக்ரமா வாசித்தது. 2011இல் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்னர் சாங்டம். மொத்த மைதானமும் வேறொருவருக்காகக் காத்திருக்கும்போது மேடையேறி வாசிப்பது எவ்வளவு கஷ்டம்! கைதட்டுங்கள். கழிப்பறைக்கு அவர்கள் முடித்ததும் ஓடாதீர்கள், எல்லோரும் அப்போதுதான் ஓடுவார்கள். கதவு திறந்து உள்ளே போனதும் ஒருமுறை, பிறகு மேடையில் ஆள் மாறுவதற்கு இரண்டு பாட்டு முன்னால் ஒருமுறை. இருவராகப் போங்கள்.

இனி எழுதுவதை ஒன்றுக்கு இரண்டுமுறை படியுங்கள்.

2025 ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் பதினொரு பேர் செத்துப்போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சதூரம்தான். கூட்டம் என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் இனிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கூட்டத்துக்குள் உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நெரிசலில் பெரும்பாலும் உயிர் போவது மிதிபட்டு இல்லை, நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சடைத்துத்தான். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்குமேல் சேர்ந்தால் ஆபத்து தொடங்குகிறது. அளப்பதற்கு டேப் வேண்டாம். உங்கள் கையை முகம்வரை தடையில்லாமல் தூக்க முடிகிறதா? முடியாவிட்டால் உடனே வெளியேறத் தொடங்குங்கள். நீங்கள் கால் வைக்காமலே உடம்பு அலைபோல் முன்னும் பின்னும் போனால், நேரம் கடந்துகொண்டிருக்கிறது. அப்போது குத்துச்சண்டைக்காரர் மாதிரி இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வையுங்கள், விலா எலும்புக்கும் அடுத்தவர் முதுகுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் கிடைக்கும். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை தள்ளும்போது கூடவே போய், அது தணியும் நொடியில் பக்கவாட்டில், சாய்கோடாக, இரண்டடி நகருங்கள். மறுபடி அலை, மறுபடி இரண்டடி. கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். போன் விழுந்தால் விழட்டும், எடுக்கக் குனியாதீர்கள். பக்கத்தில் யாராவது விழுந்தால் சுற்றியிருக்கும் எல்லோரும் அந்த நிமிஷமே தூக்கிவிட வேண்டும்.

மாஷ் பிட்டில்கூட அதுதான் சட்டம். நடுவில் வட்டம் திறந்து பையன்கள் மோதிக்கொண்டு ஓடுவார்கள், முரட்டுத்தனமாகத்தான் தெரியும். மெய்டன் அன்று என் கண்முன்னால் ஒருவன் சறுக்கி விழுந்தான். விழுந்த வேகத்தில் நாலு கைகள் அவனைத் தூக்கி நிறுத்தின, ஒருவன் அவன் கண்ணாடியைத் தேடித் துடைத்துக் கொடுத்தான், "ஆர் யூ ஓகே மச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஓடினான். வேண்டாம் என்றால் வட்டத்தின் விளிம்பிலிருந்து நாலு வரிசை தள்ளி நில்லுங்கள். கூட்டத்தைச் சாக்காக வைத்துத் தொடுகிறவனைப் பெண்பிள்ளைகள் ஒருபோதும் சகித்துக்கொண்டு நிற்க வேண்டாம். உரக்கக் கத்துங்கள், கையைக் காட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர்களிடம் தமிழோ கன்னடமோ எது வருகிறதோ அதில் சொல்லுங்கள். எனக்கு அது நடந்தபோது, முன்பின் தெரியாத மூன்று பையன்கள் என்னைச் சுற்றி அரணாக நின்று காவலாளிவரை கூட்டிப்போனார்கள்.

உள்ளே நுழைந்ததும் சந்திக்கும் இடம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2007இல் அண்ணன் என்னிடம் சொன்னது: "தொலைஞ்சா தேடாத. பாட்டு முடிஞ்சதும் அந்த மஞ்சள் கம்பத்துக்கு வா. நான் நிப்பேன்." போன் வேலை செய்யாத இடத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இன்னும் வரவில்லை. நகராத, உயரமான, வெளிச்சமான பொருளாகப் பாருங்கள். வெளியேறும் வழி இரண்டையாவது கண்ணால் பார்த்து வையுங்கள்.

விளக்கு அணைந்ததும் போனைத் தூக்காதீர்கள். அந்த முதல் நிமிடம் கண்ணுக்கும் காதுக்கும் உரியது. மெட்டாலிகா மேடையேறுவதற்கு முன் இத்தாலிய சினிமா இசையமைப்பாளர் எனியோ மோரிகோனேவின் இசை ஒலிக்கும், எண்பதுகளிலிருந்து அது அவர்கள் வழக்கம். இருட்டில், சேற்றில் நின்றுகொண்டு, ஆயிரக்கணக்கான பேர் அந்த ராகத்தை வார்த்தையே இல்லாமல் சேர்ந்து பாடினார்கள். எனக்குப் பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அழுதார். யார் என்று தெரியாது, அவர் தோளில் கை வைத்தேன். பிடித்த பாட்டு ஒன்றை மட்டும் படம் எடுத்துக்கொண்டு, போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள்.

திரும்பும் வழியைப் போவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். ராத்திரி பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருப்பதால், வெளிக் கச்சேரிகள் பெரும்பாலும் பத்துக்குள் முடிந்துவிடும். எல்லோரும் ஒரே நிமிடத்தில் வாசலுக்குப் பாய்வார்கள். நீங்கள் போகாதீர்கள். அன்றைய கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்து, அதற்கு இடமிருந்தால் இருபது நிமிடம் மைதானத்திலேயே உட்காருங்கள். கச்சேரி துமகூரு சாலை நைஸ் மைதானத்தில் என்றால், 2024 நவம்பரில் மாதாவரா மெட்ரோ திறந்தபிறகு கவலை பாதி தீர்ந்தது. எங்களுக்கு அல்சூரிலிருந்து மெஜஸ்டிக் போய், பச்சை வழித்தடத்துக்கு மாறினால் போதும். கார்டில் திரும்பி வரவும் சேர்த்துப் பணம் போட்டு வையுங்கள். பேலஸ் கிரவுண்ட்ஸ் என்றால் மேக்ரி சர்க்கிள் பக்கம் போகாதீர்கள், வண்டி எதுவும் நகராது. 2011இல் நானும் அண்ணனும் ஜெயமஹால் சாலை வழியாக கன்டோன்மென்ட் வரை நடந்தோம். அங்கே ஒரு தமிழ் ஆட்டோக்காரர் எங்கள் சேற்றுக் காலைப் பார்த்து, கீழே பேப்பர் விரித்து ஏற்றிக்கொண்டார். இப்போதும் அதையே செய்யுங்கள். கும்பலாகச் சேர்ந்து, வெளிச்சமான சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்தபிறகு வண்டி கூப்பிட்டால் காசும் குறையும், வண்டியும் வரும்.

வீட்டுக்கு வந்ததும் காதடைப்பானை வெடுக்கென்று இழுக்காமல், லேசாகத் திருகி மெதுவாக எடுங்கள். கை கால் கழுவி, மூடி வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். காது மந்தமாக இருந்தாலோ இரைந்தாலோ ஒரு நாள் முழுக்க எந்தச் சத்தமும் வேண்டாம், ஹெட்போன் தொடவே வேண்டாம். இரண்டு நாளில் சரியாகாவிட்டாலும், ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும், தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அன்று ராத்திரி அண்ணன் மகள் எங்கள் வீட்டில்தான் தங்கினாள். விளக்கை அணைத்துவிட்டு, "என்ன கேக்குது சொல்லு" என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். "ஃபேன் சத்தம். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுது. வேற ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள். குழாய் சொட்டுவது எனக்குக் கேட்கவில்லை. காலையில் எழுந்ததும் இன்னொருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தூங்கப்போனேன்.